உள்ளே போங்க, நடுவில் காலியாக இருக்கு

எங்கள் தெருவுக்குள் கார் வராது என்று தெரிந்தே, கார் நிறுத்த இடம் விட்டால்தான் மாடி கட்டலாம் என்று சொன்னது நீங்கள்தான் சார். வேறு யாரும் இல்லை. நீங்கள்.

பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை. பிளான் சார் என்றே கூப்பிடுகிறேன். வீடு கட்ட அனுமதி கேட்டு, வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு உங்கள் ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு அது போதும்.

அன்றைக்குக் காலையில் உங்கள் வெள்ளைக் கார் மரக்காணம் பஜாரிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பியது. ஒரு பக்கம் ஆட்டுக்கறிக் கடையின் தகரம். இன்னொரு பக்கம் பஷீர் பாய் கடை வாசலில் அடுக்கிய பெயிண்ட் டப்பாக்கள். கார் இரண்டு கண்ணாடிகளையும் மடக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைகிற ஆள் மாதிரி உள்ளே வந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் நின்றது.

எதிரே என் மனைவி அஞ்சலை வந்துகொண்டிருந்தாள். மாவு மில்லிலிருந்து வருகிறாள். தலையில் ஒரு தகர டின். டின் நிறைய அப்போதுதான் அரைத்த மிளகாய்த் தூள். இன்னும் சூடு ஆறவில்லை. அந்த நெடி அவளுக்கு முன்னால் நடந்து வந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தான். அஞ்சலை நின்றாள். ஒதுங்கவில்லை.

காரும் அஞ்சலையும் அப்படியே நிற்கட்டும். நான் கொஞ்சம் பஸ்ஸில் போய்விட்டு வருகிறேன்.

ஃபுட்போர்டு ஊர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் கண்டக்டர் என்பது தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்தில் கிளம்பி மரக்காணம் வழியாகப் புதுச்சேரி போகிற தனியார் பஸ்ஸில் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. தொண்டை அங்கேதான் போனது. கோபம் அங்கேதான் வந்தது.

என் வாழ்க்கையில் அதிகமாகப் பேசிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

"ஏம்பா, உள்ள போ! நடுவுல காலியா இருக்குது பாரு!"

பஸ்ஸின் நடுவில் காற்று மட்டும் நின்றுகொண்டு வரும். ஃபுட்போர்டில் பத்துப் பேர் தொங்குவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவன் பஸ் நிறைந்துவிட்டது என்று அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான்.

"உள்ள போனா எறங்க முடியாது கண்டக்டரே."

"எறங்கற எடம் வந்தா நான் இல்ல? வழி உடச் சொல்ல மாட்டேனா?"

"உள்ள புழுக்கமா இருக்குது."

"ஆமா, தொங்கிக்கினு வா. வழியில பனமரம் வந்து உன்னைத் தடவிக் குடுக்கும்."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது ரிட்டயராகி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சுற்றிலும் பார்க்கிறேன். எங்கள் ஊரும் அப்படித்தான் இருக்கிறது. பஜாரை ஒட்டிய எங்கள் தெருவில் எல்லாம் தரைத்தள வீடு. தலைக்கு மேலே ஆகாயம். பாதி வீடு பூட்டு. ஒருவர் சார்ஜாவில் இருக்கிறார், ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார், சாவி பஷீர் பாய் கல்லாவில் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். பஸ் ஸ்டாண்டு அதற்கும் பக்கம். பள்ளிக்கூடத்து மணி சத்தம் வீட்டுக்குள் கேட்கும்.

அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு ஈசிஆர் ரோட்டு ஓரம் முழுக்கக் கலர் கொடி நட்டு மனை விற்கிறார்கள். அங்கே போய் வீடு கட்டுகிறார்கள். நடுவில் காலி. ஓரத்தில் தொங்குகிறார்கள்.

என் மகள் தேன்மொழி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடன் வேலை செய்கிற பெண்கள் பாதிப் பேர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். இங்கே கைக்கு அடங்கிய வாடகையில் இடம் கிடையாது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பா, உங்க தெருவுல ஒரு சின்ன போர்ஷன் கெடைக்குமா?" என்று கேட்பார்கள். கண்டக்டரிடம் சீட் கேட்கிற மாதிரியே கேட்பார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான்.

காற்று மட்டும் இருந்த நகர்

தேன்மொழியின் கணவர் சிவகுமார். பிரம்மதேசத்துப் பையன். புதுச்சேரியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். தினமும் பஸ். இப்போது இருக்கிற வாடகை வீட்டை, வீட்டுக்காரர் தன் மகனுக்காகக் கேட்கிறார். தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும்.

மாப்பிள்ளைக்குச் சொந்த இடம் வேண்டும் என்று ஆசை. அது தப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மனை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வேன் இலவசம், மதியம் பிரியாணியும் இலவசம். வேனில் ஏறியதுமே என் வாய் சும்மா இருக்காமல், "உள்ள போங்க, உள்ள போங்க" என்றது. எல்லாரும் போனார்கள்.

இடம் அனுமந்தைக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டு மேற்கே உள்ளே. ரோட்டோரத்தில் பெரிய வளைவு. இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை. நகரின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. கடல், காற்று, தோட்டம் மூன்றும் அந்தப் பெயரில் இருந்தன. இடத்தில் காற்று மட்டும் இருந்தது.

டை கட்டிய ஒரு பையன் எங்களைச் சுற்றிக் காட்டினான்.

"இங்க பஸ் நிக்குமாப்பா?" என்று கேட்டேன்.

"பஸ் எதுக்கு சார்? இங்க வர்றவங்க எல்லாம் கார்ல வருவாங்க. ரோட்டைப் பாருங்க, எவ்ளோ அகலம்!"

ரோடு அகலம்தான். ஒரு நாய் அதன் நடுவில் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. எழுந்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு வந்ததே இல்லை போலிருக்கிறது.

அஞ்சலை கேட்டாள். "கொத்தமல்லி வாங்கணும்னா எங்க போறது?"

"எல்லாம் ஆன்லைன்ல வந்துடும்மா."

"கொத்தமல்லியா?"

"எல்லாமேம்மா."

"கொண்டாந்து குடுக்கறவனுக்கு எடம் எப்படித் தெரியும்? வந்து நிக்கற எனக்கே தெரியலியே."

மாப்பிள்ளை அதற்குள் செருப்பால் கோடு போட்டு வீடு கட்டிவிட்டார். "இது ஹாலு. இது கிச்சன். இங்க போர்ட்டிகோ."

"போர்ட்டிகோ எதுக்கு மாப்ள?"

"காருக்கு மாமா."

"கார் எங்க?"

"வாங்கணும். இங்க இருந்தா கார் இல்லாம முடியாதே மாமா."

"அப்ப வீட்டுக்கு ஒரு கடன், வீட்டுக்குப் போறதுக்கு ஒரு கடன்."

அவர் சிரிக்கவில்லை. நான் விடுவேனா? அவருடைய ஒரு நாளை அவருக்கே ஓட்டிக் காட்டினேன். காலையில் பொண்டாட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு வடக்கே மரக்காணம் வரவேண்டும். அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, தெற்கே புதுச்சேரிக்குப் பஸ் ஏறவேண்டும். அந்தப் பஸ் இந்தச் சிமெண்ட் யானைகளைத் தாண்டித்தான் போகும். நிற்காது.

"உன் ஊட்டுக்கு நீயே ஜன்னல் வழியா டாட்டா காட்டிக்கினு போவ மாப்ள."

தேன்மொழி சிரித்துவிட்டாள். பிறகு வேனில் ஏறினாள். பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். ஊருக்குள் வந்த பிறகுதான் சொன்னாள்.

"நம்ம ஊட்டு மேல கட்டுங்களேன்ப்பா. நான் நடந்தே டூட்டிக்குப் போயிடுவேன்."

படி கேட்ட மாப்பிள்ளை

எனக்கு அது ஏன் முதலில் தோன்றவில்லை? எல்லாரையும் உள்ளே போ என்று கத்தியவன், என் தலைக்கு மேல் காலியாக இருந்ததைப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டோம். கீழே நாங்கள். முதல் மாடியில் மகளும் மாப்பிள்ளையும். அதற்கு மேல் இரண்டு சின்னப் போர்ஷன், ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு. வாடகையை அவர்கள் சம்பளத்தைப் பார்த்து வைப்பது என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். பேச்சு முடிந்தது.

மாப்பிள்ளை மட்டும் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா. பிரம்மதேசத்துல எங்க பெரியப்பா ஒருத்தரு இருக்காரு. ஒவ்வொரு கல்யாணத்துலயும் நாலு பேரு முன்னாடி கேப்பாரு, 'என்னாடா, மாமியார் ஊட்டுச் சோறு எப்படி இருக்குது'ன்னு. ஆயுசுக்கும் கேப்பாரு."

"அதுக்கு?"

"படியை வெளிய வைங்க. நான் போறதும் வர்றதும் உங்க ஹால் வழியா இருக்கக் கூடாது. தனிப் படி, தனி வாசல், வாசல்ல என் பேரு. அப்ப அது என் ஊடு. அப்படின்னா மனையை உட்டுடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்ணையே கொடுத்தேன், ஹால் வழியாக நடக்கக் கூச்சமா என்று கத்தினேன். அஞ்சலைதான் அடக்கினாள்.

"படிதான கேட்டாரு. பஸ்ஸா கேட்டாரு? கட்டிக் குடு."

வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு இடம் இருக்கிறது. துணிக்கொடி, மீன் கழுவுகிற கல், என் பழைய சைக்கிள். படியை அங்கே வைத்து வரைபடம் போட்டோம். வேறு எங்கும் வைக்க முடியாது. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர்.

அந்தத் துண்டு இடத்தைப் பார்க்கத்தான் பிளான் சார் வந்தார். காரையும் அஞ்சலையையும் சந்தில் நிறுத்திவிட்டு வந்தேன் இல்லையா, அங்கே போக வேண்டும். ஆனால் அஞ்சலை ஏன் ஒதுங்கவில்லை என்று தெரியாவிட்டால் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைப்பீர்கள். திமிரும் உண்டு. அது வேறு கதை.

வரப்பில் யார் இறங்குவது

அஞ்சலை கல்யாணத்துக்கு முன்பு உப்பளத்தில் வேலை செய்தாள். பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு மேலேயே நடந்து கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வரப்பு ஒரு ஆள் அகலம். அதற்கு மேல் வைக்க மாட்டார்கள். வரப்பு ஒரு சாண் அகலமானால் பாத்தியில் ஒரு சாண் உப்பு போச்சு.

ஒரு குத்தகைக்காரர் டிராக்டர் வரட்டும் என்று வரப்பையெல்லாம் அகலமாக்கினார். டிராக்டர் சொகுசாக வந்தது. ஏற்றுவதற்கு உப்புதான் குறைந்துபோனது. அடுத்த வருஷம் மண்ணை வெட்டிப் பழையபடி ஆக்கினார்.

குறுகலான வரப்பில் எதிரும் புதிருமாக ஆள் வந்தால் என்ன செய்வது? அதற்கு அங்கே ஒரு வழக்கம். சுமையோடு வருகிறவருக்கு வரப்பு. வெறும் ஆள் பாத்தியில் இறங்க வேண்டும். முதலாளியாக இருந்தாலும் இறங்க வேண்டும்.

எனக்கு அது தெரியாது. கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்த புதிது. பஸ் பழுதாகி நின்ற ஒரு நாள், குறுக்கு வழி என்று வரப்பில் ஏறிவிட்டேன். கஞ்சி போட்ட காக்கி. புது ஷூ. எதிரே தலையில் கூடையோடு ஒருத்தி வந்தாள். கூடையிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் புருவத்தில் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"எறங்கு" என்றாள்.

"ஷூ நனையும்மா."

"சரி, நீ இதைத் தூக்கு. நான் உன் ஷூவைப் போட்டுக்கினு எறங்கறேன்."

இறங்கினேன். கணுக்கால் வரை உப்புத் தண்ணீர். அந்த ஷூ காய்ந்தபோது பூத்துப்போய் வெளுத்தது. பிறகு எத்தனை பாலீஷ் போட்டாலும் கறுக்கவில்லை. அடுத்த வாரம் அவள் என் பஸ்ஸில் ஏறினாள். பழக்கத்தில் "உள்ள போ, உள்ள போ" என்றேன்.

திரும்பிப் பார்த்து, ஷூவையும் பார்த்து, "அன்னிக்கு நீ எறங்குன இல்ல? அதுக்காகப் போறேன்" என்றாள்.

மிச்சத்தை நான் எழுதினால் அஞ்சலை பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிடுவாள்.

அது வேற

இப்போது சந்துக்கு வரலாம்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "ஏம்மா, ஒதுங்கும்மா!"

"சுமை வருதுல்ல. நீ பின்னால போப்பா."

"கார்ம்மா இது!"

"தெரியுது. உள்ள ரெண்டு பேரு காலாட்டிக்கினு உக்காந்திருக்கீங்க. என் தலையில மொளகாத்தூள் டின்னு இருக்குது. யாருப்பா ஒதுங்கணும்?"

என்ன சத்தம் என்று பார்க்க பிளான் சார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். அதுதான் அவர் செய்த தப்பு. டின்னின் மூடி சரியாக மூடவில்லை. கடற்காற்று வேறு. முதலில் சார் தும்மினார். பிறகு டிரைவர் தும்மினான். கறிக்கடைக்காரர் தும்மிக்கொண்டே சிரித்தார்.

கார் பின்னால் போக வேண்டியதாயிற்று. நான் சும்மா இருக்க முடியுமா? சாருக்கு வழி காட்ட பஜார் முனையில் நின்றிருந்தவன், காரின் பின்னால் போய் நின்றேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். "வரட்டும், வரட்டும், லெப்டுல ஒடி, பாய் டப்பா இருக்குது, வரட்டும்... ஹோல்டான்!" பஜார் ரோட்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில், "போலாம் ரைட்!" என்றேன். டிரைவர் போயே போய்விட்டிருப்பான். சார்தான், "நிறுத்துப்பா, நான் எறங்கணும்!" என்று கத்தினார்.

காரைக் கறிக்கடை வாசலில், போகிறவர் வருகிறவர் வழியை அடைத்து நிறுத்தினார்கள். சார் நடந்து வந்தார். டேப்பை எடுத்து அந்தத் துண்டு இடத்தை அளந்தார். வரைபடத்தைப் பார்த்தார்.

"இது என்னா?"

"மாடிக்குப் படி சார்."

"பார்க்கிங் எங்க?"

"எங்களாண்ட கார் இல்ல சார். மேல வரப்போற பொண்ணுங்களாண்டயும் இல்ல. நடந்து போறதுக்குத்தான் இங்க வர்றாங்க."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு வாங்குவீங்க. இத்தினி போர்ஷன் வருதுன்னா பார்க்கிங் காட்டித்தான் ஆகணும். படியை எடுத்துட்டு இங்க பார்க்கிங் காட்டுங்க. படி உள்ள ஹால் வழியா போகட்டும்."

"வாங்குனாலும் எப்படி சார் உள்ள வரும்? உங்க காரே வரலியே?"

"அது வேற."

"எது சார் வேற? அந்தச் சந்து வேற சந்தா?"

"தெரு அகலம் ஒரு சப்ஜெக்டு. பார்க்கிங் ஒரு சப்ஜெக்டு. ரெண்டையும் கொழப்பாதீங்க."

அப்போது பஷீர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். டேப்பும் ஆளுமாக இருப்பதைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா கண்டக்டரே, கார் நிறுத்த எடம் அளக்கறியா? சொல்லவே இல்ல! மாஷா அல்லா!"

"நான் வாங்கல பாய். சார்தான் வாங்கச் சொல்றாரு."

"அப்ப ஹெலிகாப்டரா வாங்கு. அதுக்குத்தான் இங்க வழி இருக்குது."

சார் கிளம்பிவிட்டார். போகும்போது ஒன்று சொன்னார். எல்லாரும் ரோட்டிலேயே காரைப் போட்டால் ஊர் என்ன ஆவது, அதற்குத்தான் ரூல்ஸ் என்றார். நியாயம்தான். பஜாரில் குறுக்கே நிற்கிற கார்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்தே வயதானவன் நான். ஆனால் சார், அந்தக் கார்களெல்லாம் எங்கள் சந்திலிருந்தா வருகின்றன? ஊருக்கு வெளியே போய்த் தொங்குகிறவர்கள் கொத்தமல்லி வாங்கக் கொண்டுவந்து நிறுத்தின கார்கள். உள்ளே இருக்க விட்டிருந்தால் செருப்பு மாட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

தை வருகிறது

அந்தத் துண்டு இடத்தில் ஒன்றுதான் வைக்கலாம். மாப்பிள்ளையின் படி, இல்லையென்றால் வராத கார்.

மாப்பிள்ளையிடம் ஹால் வழியாகப் படி என்று சொல்லிப் பார்த்தேன். சத்தம் போடவில்லை. "வேணாம் மாமா" என்றார். அவ்வளவுதான். டை கட்டிய பையன் அவருக்குத் தினமும் போன் செய்கிறான். கார் கடன் கொடுக்கிற ஆளும் அவனிடமே இருக்கிறானாம். தை பிறக்க அதிக நாள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி வந்து மீன் கழுவுகிற கல்லில் உட்கார்ந்தாள். டேப் அளந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராத காருக்கு எடம் உட்டுட்டு நான் போவணுமாப்பா?"

எவ்வளவோ பேர் இறங்கியதைப் பார்த்தவன் நான். காலி சீட் இருக்கும்போது ஒருத்தியை இறக்கிவிட்டதில்லை. அஞ்சலை சமையலறையில் பாத்திரத்தை இடித்தாள்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை என்று ஒரு வரி சேர்க்கப் பத்திரிகைக்காரர்கள் சொன்னார்கள். சேர்க்க மாட்டேன். எனக்கு இருக்கிறது.

அதனால் பிளான் சார், பதிலை என் காதில் சொல்லாதீர்கள். ஆபீசில், ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, மெதுவாகச் சொல்லாதீர்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். காலையில் திண்டிவனம் பஸ் வந்து ஆஸ்பத்திரிப் பெண்கள் இறங்குகிற நேரமாகப் பார்த்து வாருங்கள். அவர்கள், பஷீர் பாய், கறிக்கடைக்காரர், என் மாப்பிள்ளை, முடிந்தால் அந்தப் பிரம்மதேசத்துப் பெரியப்பா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். எந்தக் கார், எந்த வழியாக, எங்கள் வீட்டுக்கு வரும்?

வாயால் சொல்ல முடியாவிட்டால் உங்கள் காரிலேயே வந்து காட்டுங்கள். விசில் நான் அடிக்கிறேன். எதிரே அஞ்சலை வருவாள். தலையில் சுமை இருக்கும். யார் ஒதுங்க வேண்டும் என்று அப்போது நீங்களே சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்லுங்கள்.